தொப்புளில் வைத்த காசு

— காலைல கட்டினேன்னு சொல்லாதே, அழகம்மாள். காலைல கட்டின கட்டுக்குத் தோல் இப்படிக் கறுக்காது. காசு இருந்த எடம் வட்டமாப் பதிஞ்சு கெடக்கு.

— காலைலதான் கட்டுனேன், நர்ஸம்மா. கோழி கூப்பிட எந்திரிச்சு, பழைய வேட்டியக் கிழிச்சு, காச வச்சு நாந்தான் கட்டுனேன். பொய்யா சொல்றேன்?

— பொய்தான் சொல்றே. பரவால்லை, உக்காரு. தரையிலே வேண்டாம், பெஞ்சுல எம் பக்கத்துல உக்காரு. உன் ஆத்துக்காரர் காளை என் வார்டு ஆள், அதனாலதான் மாடிலேருந்து எறங்கி வந்திருக்கேன். அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே கொண்டு போயாச்சு. சர்ஜன் கை அலம்பிண்டு நிக்கறார். உங்கிட்டேருந்து எனக்கு ஒரே ஒரு விஷயம் வேணும். அந்தத் தொப்புள் வீக்கம், அமுக்கினா உள்ளே போகாம, எப்போ கல்லாட்டம் ஆச்சு? மணி சொன்னாப் போறும்.

— மணிக்கு நான் எங்க போவேன். எங்க வீட்ல கடியாரமா இருக்கு?

— பொழுதைச் சொல்லு. மணியை நான் போட்டுக்கறேன்.

— காலைல.

— சரி, எழுதிண்டேன். இருபத்தொண்ணு ரெண்டு எண்பத்தாறு, காலைலன்னு எழுதிண்டேன். இதை வச்சு உள்ளே என்ன பண்ணுவான்னு சொல்றேன், கேளு. தொப்புள்ல ஒரு ஓட்டை விழுந்து, அது வழியாக் குடல் ஒரு துண்டு வெளியே வந்து மாட்டிண்டிருக்கு. இன்னிக்குக் காலைல மாட்டிண்டதுன்னா, சின்னதாக் கீறி, உள்ளே தள்ளித் தச்சுடலாம். நேத்தே மாட்டிண்டதுன்னா அந்தக் குடல் அழுக ஆரம்பிச்சிருக்கும். வயித்தை நீளத்துக்குத் திறந்து பாக்கணும். கிட்னி ரெண்டும் போன உடம்பு, மயக்க மருந்தை எவ்வளவு தாங்கும்னு டாக்டருக்கே நிச்சயம் இல்லை. அதனாலே வீணாத் திறக்க மாட்டார். திறக்க வேண்டிய வயித்தைத் திறக்காம விட்டாலும் ஆள் மிஞ்ச மாட்டார். இப்போ சொல்லு. காலைலயா?

— சத்தியம் பண்ணியிருக்கேன், நர்ஸம்மா.

— யார்கிட்டே?

— அவுககிட்டதான். தொப்புள் சங்கதி ஆஸ்பத்திரியில ஒருத்தர் காதுலயும் விழக் கூடாதுன்னு சொல்லி, தூங்குன புள்ளய எழுப்பி உக்கார வச்சு, என் கையப் புடிச்சு அது தலையில வச்சாக. ஏழு வயசுப் புள்ள. அது கண்ணக் கசக்கிக்கிட்டு என்ன ஏதுன்னு தெரியாம என்னயப் பாத்துக்கிட்டு இருக்கு. ஒத்தப் புள்ள எனக்கு. அவுகளுக்காக வாயத் தெறந்தா புள்ளைக்கு ஆகாது. புள்ளைக்காக வாய மூடுனா அவுகளுக்கு ஆகாதுங்கிறீக. நான் எந்தப் பக்கம் சாய?

— கொழந்தை பேர் என்ன?

— செல்லக்கிளி.

— நல்ல பேர். நீ சத்தியத்தை மீற வேண்டாம். தொப்புளைப் பத்தி நான் இனிமே ஒரு வார்த்தை கேக்கலை. வாந்தி எப்போ எடுத்தார்?

— வாந்தியா?

— ஆமாம். வாந்திக்குச் சத்தியம் வாங்கினாரா?

— வாந்திக்கு வாங்கல.

— அப்போ சொல்லு.

— கேட்டுக்கங்க அப்ப. முந்தாநா வரைக்கும் ஆளு நல்லாத்தான் இருந்தாக. நல்லான்னா என்ன நல்லா? காலு வீங்கி, மொகம் வெளுத்து, நாலு எட்டு நடந்தா எளைப்பு. பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா நீங்க வயித்துல தொளையப் போட்டு, குழாயச் சொருகி, நாப்பது பாட்டில் தண்ணிய விட்டு அலசி அலசி எடுக்குறீகள்ல, அதுலதான அந்த உசுரு ஓடுது? நேத்து வெயில் ஏற பருத்தி ஏத்த வண்டி வந்துச்சு. வண்டிக்கார மொக்கையன் ஒத்த ஆளு. இவுக வரப்புல சும்மா உக்காந்திருந்த மனுசன். குடம் தண்ணி கூடத் தூக்கக் கூடாதுன்னு நீங்க எம்புட்டுத் தடவ சொல்லிவிட்டிருக்கீக. மொக்கையன் பொதியோட மல்லுக்கட்டுறதப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறாக. நான் போகாதீக, போகாதீகன்னு கத்துறேன். கேக்குற ஆளா அவுக? ஊருக்குள்ள பொதியத் தூக்கி எறியிற ஆளுன்னு பேரு வாங்குனவுக, பொம்பள மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கணுமாங்கிறாக. பொதி வண்டிக்குப் போயிருச்சு. இவுக வண்டிச் சக்கரத்தப் புடிச்சுக்கிட்டு அங்கனயே குத்தவச்சுட்டாக.

— வலி?

— வாயத் தெறந்து வலிக்குதுன்னு சொல்ற ஆளில்ல. வேர்வைதான் ஆறா ஊத்துச்சு. மத்தியானம் கம்மங்கஞ்சி கரைச்சுக் குடுத்தேன். குடிச்ச கையோட வெளிய வந்துருச்சு. பொழுது சாயிறதுக்குள்ள மூணு வாட்டி. கடைசியில வந்தது பச்சையா இருந்துச்சு.

— பச்சையா? நிச்சயமா?

— அகத்திக்கீரைய அரைச்சு ஊத்துன மாதிரி. நாந்தான தொடச்சேன், எனக்குத் தெரியாதா?

— வெளிக்குப் போனாரா?

— நேத்து விடியக்காலம் போனதோட சரி. காத்துக்கூடப் பிரியல. வயிறு மத்தளமா நின்னுச்சு.

— அப்போவே பொறப்பட்டு வரவேண்டியதுதானே?

— சொன்னேனே. வாங்க போவம், வாங்க போவம்னு நான் தலைமாட்டுல உக்காந்து அழுகுறேன். நம்ம முறைக்கு இன்னும் நாலு நாக் கெடக்கு, முந்திப் போயி நின்னா எதுக்கு வந்தீகன்னு கேப்பாக, நீ ஒளறி வைப்பங்கிறாக. விடியிற நேரத்துல கண்ணு சொருகிருச்சு. அதுக்கப்பறம் அவுககிட்ட நான் ரோசன கேக்கல. மொக்கையன் வண்டியிலயே பேரையூருக்குக் கொண்டாந்து மொத பஸ்ஸுல ஏத்துனேன். கடைசி சீட்டுல நீளத்துக்குப் படுக்க வச்சு, தலைய மடியில வச்சுக்கிட்டேன். கண்டக்டரு நல்ல மனுசன், ஒண்ணும் சொல்லல. கப்பலூர்ல கம்பெனிக்குப் போற சனம் எறங்க அரை நாழி நின்னுச்சு. பஸ்ஸு குலுங்குன போதெல்லாம் மொனகுனாக. காளவாசல் வந்ததும் கண்ணத் தெறந்து என்ன சொல்றாக தெரியுமா? கட்ட அவுத்துரு, காச மடியில போட்டுக்க, உள்ள போயி ஒருத்தர் கண்ணுல படக் கூடாதுங்கிறாக. உசுரு போற நேரத்துலயும் அதே நெனப்பு. ரோட்டோரம் சாச்சு வச்சு அவுத்துப் பாக்குறேன், முடிச்சு தோலுக்குள்ள புதைஞ்சு போயி நகத்துக்கு அகப்பட மாட்டேங்குது. அதுனாலதான உங்க கண்ணுல பட்டுச்சு. ஆத்தாடி. நான் சொல்லிட்டனா?

— நீ பஸ்ஸைப் பத்தித்தான் சொன்னே.

— இல்ல, சொல்லிட்டேன். போகட்டும் நர்ஸம்மா, இனி எதுக்கு மூடி மூடி வச்சுக்கிட்டு. எழுதுன காலையை அடிச்சுருங்க. பொதியத் தூக்குனப்பத்தான் கல்லாச்சு. நேத்து வெயில் ஏற, பத்து மணி இருக்கும். சக்கரத்தப் புடிச்சு உக்காந்தவுக வேட்டிய வெலக்கி அமுக்கு அமுக்குன்னு அமுக்குனாக, உள்ள போகல. எம் புள்ளைக்கு ஒண்ணும் வரக் கூடாது. வாயத் தெறந்தது நான். வாரது எந் தலைக்கு வரட்டும்.

— ஒண்ணும் வராது. இரு. டாக்டர் கைலாசநாதன், ஒரு நிமிஷம் வாசலுக்கு வரேளா?

— சொல்லுங்க சிஸ்டர். ஹிஸ்டரி கிடைச்சுதா?

— நேத்து காலை பத்து மணி. இருபத்தாறு மணி நேரம் ஆயிடுத்து. கனமான மூட்டையைத் தூக்கியிருக்கார். பச்சை வாந்தி, நேத்து விடியறதுக்கு அப்பறம் வெளிக்குப் போகலை, காத்தும் பிரியலை.

— காலையிலன்னு சொன்னாங்களே.

— இதுதான் சரியான நேரம். நான் கையெழுத்துப் போடறேன்.

— ரைட். அப்போ முழுசாத் திறந்திடறேன். அனஸ்தீசியாவுக்குச் சொல்லிடுங்க. ஏம்மா, பெரிய ஆபரேஷன். மேஜையிலேயே ஆளுக்கு என்ன வேணும்னாலும் ஆகலாம். தெரிஞ்சுதான் கைநாட்டு வைக்கிறீங்களா?

— தெரிஞ்சுதான் வைக்கிறேன், அய்யா. ஆள மட்டும் திருப்பிக் குடுங்க.

— இப்படிப் பெருவிரலைக் கொடு, அழகம்மாள். அழுத்தாதே, நான் உருட்டறேன். ஆச்சு. மையைப் பஞ்சுல தொடச்சுக்கோ. இனிமே நாம பண்றதுக்கு ஒண்ணும் இல்லை. கதவு திறக்கற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். எத்தனை நாளா இந்தக் கட்டு?

— மூணு தண்ணியா.

— அப்படின்னா?

— பயிருக்குத் தண்ணி காட்டுற மாதிரி அவுக இதையும் தண்ணிக் கணக்குலதான் சொல்லுவாக. இங்க வந்து படுத்துட்டுப் போனா ஒரு தண்ணி. மூணு தண்ணிக்கு முன்ன, ஊர்ல இருக்கையில, ஒரு நா இருமுனாக. தொப்புள் எலுமிச்சம்பழம் தண்டிக்கு வெளிய வந்துச்சு. படுத்தா உள்ள போயிரும், எந்திரிச்சா வந்துரும். எங்க பக்கம் பச்சப் புள்ளைக்குத் தொப்புள் புடைச்சா, ரூவாக் காச வச்சு, துணியச் சுத்தி, அரணாக்கயித்தோட சேத்துக் கட்டிவிடுவாக. கொஞ்ச நாள்ல அமுங்கிரும். செல்லக்கிளிக்கு அப்படித்தான் அமுங்குச்சு. அவ காச எடுத்துத்தான் இவுக வச்சுக்கிட்டாக. பழைய வெள்ளிக் காசு, நல்ல கனம்.

— கொழந்தை வயித்துல யாரும் ரெண்டு ரெண்டு பாட்டில் தண்ணியா ஊத்தறதில்லையேம்மா. உள்ளேருந்து தண்ணி தள்ளறது, மேலேருந்து காசு அமுக்கறது. நடுவுல மாட்டிண்டு குடல் என்ன பண்ணும்?

— அது எங்க புத்திக்கு எட்டலயே. அமுங்கிரும்னு நெனச்சோம்.

— இங்கே வந்தா ரெண்டு நாள் படுத்துண்டிருப்பாரே. எங்க கண்ணுல எப்படிப் படலை?

— வார அன்னைக்குக் காளவாசல் டீக்கடைக்குப் பின்னால மறைவாப் போயி அவுத்துக்குவாக. இங்க வந்து மல்லாக்கப் படுத்ததும் உள்ள போயிரும். தண்ணி ஏற ஏற வெளிய தள்ளும்ல, அதுக்கு உள்ளங்கைய வச்சு அமுக்கிக்கிட்டே கெடப்பாக. ரெண்டு ராத்திரி, ரெண்டு பகல். அவுக கை ஓஞ்சு போச்சுன்னா போர்வைக்குள்ள நான் என் கைய விட்டு வச்சுக்குவேன்.

— அந்தக் கையை நான் பாத்திருக்கேன்.

— பாத்தீகளா?

— பாத்தேன். குழாயைத்தான் பிடிச்சுண்டிருக்கார்னு நெனச்சு, அழுக்குப் பட்டா சீழ் பிடிக்கும், எடுய்யான்னு வைஞ்சேன். எடுத்துட்டு இன்னொரு கையை வச்சார். போன தடவை குழாயைச் சுத்திக் கசிஞ்சுதே, பஞ்சு மாத்தி மாத்தி எனக்குக் கை சலிச்சுப் போச்சு. அப்பவாவது போர்வையை விலக்கிப் பாத்திருக்கணும். இருபது வருஷ சர்வீஸ் எனக்கு. தோணலையே.

— நீங்க என்ன செய்வீக. மறைக்கிறதுன்னு ஒருத்தரு முடிவு பண்ணிட்டா.

— எதுக்கு மறைக்கணும்? காட்டினா நாங்க கடிச்சா தின்னுடுவோம்?

— பயம்தான். வேறென்ன?

— என்ன பயம்?

— அவுக வெளிய வரட்டும், நர்ஸம்மா. இப்ப அந்தப் பேச்ச எடுக்க வேணாம். நல்ல வார்த்தை இல்ல.

— சரி. காப்பி குடிக்கறயா?

— வேணாம்.

— ரெண்டு மணி நேரம் ஆயிடுத்து. தியேட்டர் வெளக்கை அணைச்சுட்டா. டாக்டர் வரார். எழுந்துக்கோ.

— சிஸ்டர், கேஸ் முடிஞ்சது. ஏம்மா, உயிர் இருக்கு. முதல்ல அதைக் கேட்டுக்குங்க.

— அய்யா, நீங்க நல்லா இருக்கணும்.

— முழுசும் கேளுங்க. குடல் ஒரு முழம் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சிருக்கேன். உள்ளே ஓட்டை விழுந்து வயிறு முழுக்கச் சீழ். கழுவியிருக்கேன். நீங்க காலையிலன்னு சொன்னதையே நம்பியிருந்தா இந்நேரம் வேற சேதிதான் சொல்லியிருப்பேன். ஆனா அந்த வயித்துல இனி தண்ணி விட முடியாது.

— எத்தன நாளைக்கு, அய்யா?

— நாள் கணக்கு இல்லைம்மா. தண்ணியில கழிவை இழுத்து விடுறது வயித்துக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய சவ்வு. அது கெட்டுப் போச்சு. இனிமே எப்பவும் இல்லை.

— அப்ப ஆளு எப்படிப் பொழைக்கும்?

— ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் முறை இப்பத்தான் முடிஞ்சது, அந்த இடத்துல ஒரு மாசம் இவரைப் போடறேன். அதுக்கு மேல என்னன்னு இப்போ என்னால சொல்ல முடியாது. கிட்னி குடுக்க ரத்த சொந்தம் யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. ரைட், நான் வரேன்.

— உக்காரு, அழகம்மாள்.

— எதுக்குப் பயந்தாகளோ அதுவே வந்து நின்னுருச்சு.

— எதுக்குத்தான் பயந்தார்? இப்பவாவது சொல்லேன்.

— தண்ணிய நிறுத்திருவீகன்னுதான். விருமாண்டி அண்ணனுக்கு ஆனதக் கண்ணால பாத்தோமே.

— எந்த விருமாண்டி?

— உசிலம்பட்டிப் பக்கத்து ஆளு. எங்களுக்கு அடுத்த கட்டில்ல கெடந்தாரே, அவருதான். அவரும் இவுகளும் ஒரே தேதிக்கு வந்து படுக்குறவுக. மாப்ள, மாப்ளன்னு ஒருத்தர ஒருத்தர் கேலி பேசிக்கிட்டே நாப்பது பாட்டிலையும் ஓட்டிருவாக. அவருக்கும் தொப்புள் இப்படித்தான் தள்ளுச்சு. பெரிய டாக்டரு கட்டில் காலடியில நின்னு, இந்த ஆளுக்கு இனித் தண்ணி வேணாம், நிறுத்துங்கன்னாரு. எங்க ரெண்டு பேரு காதுலயும் விழுந்துச்சு. அதுக்கு அடுத்த தண்ணிக்கு நாங்க வாரப்ப, இவுகளுக்கும் தள்ள ஆரம்பிச்சு மூணு நாளாகியிருந்துச்சு. டாக்டர்ட்டக் காட்டிரலாம்னுதான் வந்தாக, சாமி சத்தியமா. வந்து பாத்தா, விருமாண்டி அண்ணன் கட்டில்ல மெத்தைய உருட்டி வச்சிருக்கு. கட்டிலக் கழுவிவிட்ட ஈரங்கூடக் காயல. இவுக சொவரு பக்கம் திரும்பிப் படுத்துட்டாக. கொஞ்சம் கழிச்சு, தண்ணிய நிறுத்தி பன்னெண்டே நாள்ல மாப்ள போயிட்டான் பாத்தியான்னாக. அம்புட்டுத்தான். தொப்புள் மேல கைய வச்சாக. ஊருக்குப் போன அன்னைக்கே புள்ளய எழுப்பி என் கைய அது தலையில வச்சாக.

— போயிட்டான்னு உங்களுக்கு யார் சொன்னா?

— யாரு சொல்லணும்? மெத்தையே சொல்லுச்சே.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ரெண்டு நாள் பக்கத்துலயே நின்னேனே.

— கேக்க மாட்டோம், நர்ஸம்மா. உருட்டி வச்ச மெத்தையப் பாத்து, ஆளு எங்கன்னு கேக்கவே கூடாது எங்க பக்கம். கேட்டா, அது கேட்டவுக கட்டிலுக்கு வந்துரும். அதுலயும் அதே தண்ணியில உசுர வச்சுக்கிட்டிருக்கிற மனுசன் வாயால கேக்கலாமா? ஊருக்குத் திரும்புறப்ப ஒரு மொழம் பூ வாங்கிட்டு வைகைக்குப் போனோம். விடத் தண்ணி இல்ல. மணல்ல வச்சுட்டுத்தான் வந்தோம். மாப்ள மாப்ளன்னு அவுக அழுததப் பாக்கணுமே. அவுக அப்பாரு செத்ததுக்குக்கூட அப்படி அழுகல.

— அழகம்மாள், தண்ணியை நிறுத்தச் சொன்னது தொப்புளைத் தைக்கறதுக்காக. தண்ணி நெறஞ்ச வயித்துல தையல் நிக்காது. அதுக்காக அவரை மிஷினுக்கு மாத்தினோம். நீங்க வந்த அன்னிக்குக் காலைலதான் ஆபரேஷனுக்குக் கீழ் வார்டுக்கு எறக்கினோம், அதனாலதான் மெத்தையை உருட்டி வச்சிருந்தது. அரை மணி நேரத் தையல். ஒரு மாசம் ஆறவிட்டு, மறுபடியும் தண்ணி விட்டாச்சு.

— யாருக்கு?

— விருமாண்டிக்குத்தான். நேத்துலேருந்து மாடியிலே அதே கட்டில்ல படுத்துண்டிருக்கார், இருபத்திரெண்டாவது பாட்டில் ஓடிண்டிருக்கு, காளை மாப்ள எங்கே, காளை மாப்ள எங்கேன்னு காலைலேருந்து என்னைக் கேட்டுண்டே இருக்கார்.